அரிவாளைக் கொடுத்தது யார்?

1

ஜொகூரில் யாரிடமாவது "தம்போயில் இருக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: "உள்ளேயா, வெளியேயா?" எங்கள் பேட்டையில் ஒரு பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. கேலி அதை வைத்துத்தான். மணப்பாறையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது புரியவில்லை. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கேட்டதற்கு, வெளியேதான் நிற்கிறேன், இனிமேல்தான் உள்ளே போகணும் என்று பதில் சொல்லி வைத்தேன். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விளக்கம் சொன்னவன் என் கொழுந்தன் பாலன். அப்போது பள்ளிக்கூடப் பையன். "அண்ணி, அவரு ஆஸ்பித்திரிய கேக்குறாரு. நீங்க உள்ள போறேன்னு சொல்லிட்டீங்க, அலமாக்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். சந்தையில் மீனுக்கு என்ன சொல்ல வேண்டும், பேருந்தில் இறங்க என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு மலாய் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். புருஷனிடம் கேட்டால் எரிச்சல்படுவார். பாலன் ஒருநாளும் எரிச்சல்பட்டதில்லை.

அந்தப் பாலனுக்காகப் போன வாரம் ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். போன வருஷம் இதே மாதம் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் போலீஸ்காரர்கள் அவனை அடித்துப் போட்டார்கள். வலது மணிக்கட்டு உடைந்தது. ஆயுதத்தோடு போலீஸ்காரரைத் தாக்க வந்தான் என்று வழக்கு வேறு. போலீஸ் இலாகாவைச் சேராத வெளியாட்கள் கொண்ட குழு ஒன்று, அன்றைக்குப் போலீஸ் நடந்துகொண்ட விதம் சரியா என்று பார்க்கிறது. அந்தக் குழு சொல்வதோடு வழக்கு முடிந்துவிடாது. ஆனால் வழக்கு நடத்துகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், எடுத்து எறியவும் வாய்ப்பு உண்டு என்றார் எங்கள் வழக்கறிஞர் அம்மா. இல்லாவிட்டால் பாலன் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் நான் தொலைபேசியில் சொல்லவில்லை. "எல்லாரும் சௌக்கியம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சேகர் விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிச் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். மகள் திவ்யா கல்லூரிக்கு. வீட்டில் நானும் பாலனும் மட்டும். அவனும் சிங்கப்பூரில் கிடங்கு வேலை பார்த்தவன்தான். வழக்கு வந்ததும் அந்த வேலை போயிற்று. இப்போது மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறான். துணி காயப்போடுகிறான், தரை துடைக்கிறான்.

சமையலறைப் பக்கம் மட்டும் வரமாட்டான். ஒரு கொய்யாப்பழம் தின்ன வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவான். "அண்ணி, நீங்களே வெட்டிக் குடுங்க." நான் வெட்டி முடித்துக் கத்தியைக் கழுவி உள்ளே வைக்கும் வரையில் வாசலிலேயே நிற்பான். அவனுடைய அறைக்கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, கடைசியில் தானே கடைக்குப் போய் வாங்கிவந்து இடது கையால் திருகி மாட்டினான். படுக்கப் போகும்போது திவ்யாவைக் கூப்பிட்டு, "போட்டுடு மா" என்பான். அவள் போடுவது போல் சத்தம் காட்டிவிட்டுப் போடாமல் வந்துவிடுவாள். அந்த ஒரு விஷயத்தில் என் மகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மற்றதில் அவள் என் கையை விட்டுப் போய்க்கொண்டேதான் இருக்கிறாள். தமிழில் கேட்டால் மலாயில் பாதி, இங்கிலீஷில் பாதி என்று பதில் வரும். விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் சொன்னது இதுதான்: "அம்மா, ப்ளீஸ் லா, அங்க போயி சாமி கீமின்னு ஆரம்பிச்சிடாதீங்க. மாலு மா." மாலு என்றால் வெட்கக்கேடு. இந்த நாட்டில் வந்து நான் முதலில் கற்ற சொற்களில் அதுவும் ஒன்று.

அந்த நாளைப் பற்றிப் பாலனிடம் பேச வேண்டாம், அவனும் சாட்சி சொல்ல வேண்டியவன் என்று வழக்கறிஞர் அம்மா சொல்லியிருந்தார். எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டோம்.

3

நடந்தது இதுதான்.

பாலன் சில நாட்களாகவே தூங்கவில்லை. யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னான். அதற்கு முந்தின வருஷமே மருத்துவரிடம் காட்டி மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு கனக்கிறது, கிடங்கில் வேலை செய்ய முடியவில்லை என்று தானாகவே அதை நிறுத்திவிட்டிருந்தான். எங்களுக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை காலை, அண்ணனுக்கும் அன்று விடுமுறை. கார் நிற்கும் தாழ்வாரத்தின் ஓரத்தில் சிவப்பு வர்ணம் அடித்த முனீஸ்வரர் மாடம் ஒன்று வைத்திருக்கிறோம். இங்கே தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இப்படி வைத்திருக்கின்றன. அதன் முன்னால் பாலன் உடம்பு உதறி நின்றான். கண் சொருகியிருந்தது.

சேகருக்குக் கைகால் ஓடவில்லை. அப்புறம், அவர் பிறந்த தோட்டத்தில், பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்துச் செம்பனைக் காட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "யாரு வந்திருக்கீங்க? என்னா வேணும்?" பாலன் மாடத்தைக் காட்டினான். சேகர் அங்கே சாத்தியிருந்த அரிவாளை எடுத்து, கண்ணில் ஒற்றி, தம்பியின் இரண்டு கையிலும் வைத்தார்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அது நடந்துவிட்டது. சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. எனக்கும் அப்போது அது சாமியாகத்தான் தெரிந்தது. மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் எங்கள் இருவருக்கும் புத்தி போகவே இல்லை.

பாலன் அரிவாளோடு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து நின்றான். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் அந்த நேரத்துக்கு வரும். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பிள்ளை அந்த வேனில் போனால் நானும் கூப்பிட்டிருப்பேன். சேகர் கெஞ்சிக் கெஞ்சித் தம்பியைத் தாழ்வாரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அப்போதுதான் போலீஸ்காரர்கள் இருவர் வந்து இறங்கினார்கள்.

ஒருவர் நடுவயது. இன்னொருவன் சின்னப் பையன், மீசை சரியாக முளைக்காதவன். தடியை உருவிக்கொண்டு, "லெத்தாக் பாராங்! லெத்தாக்!" என்று கத்தினான். கத்தியைக் கீழே வை என்கிறான். பாலனுக்கு அவன் பேசுவது காதில் ஏறவில்லை. சேகர் குறுக்கே நின்று, உள்ளே சாமி இருக்கிறது, சாமி இருக்கிறது என்று மலாயில் கத்தினார். ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அந்தப் பையன் இன்னும் மிரண்டுபோனான்.

எங்கள் ஊர்க் கருப்பன் கோயிலில் என் சித்தப்பா சாமியாடுவார். அவர் கையிலிருந்து ஒருவரும் அரிவாளைப் பிடுங்கியதில்லை. தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டுவார்கள், மலையேறுங்க சாமி என்று கும்பிட்டுக் கேட்பார்கள். அவராகவே வைப்பார். வைக்கும்போது ஓங்கி ஒரு சத்தம் போட்டு, முன்னால் சாய்ந்து, அப்படியே துவண்டு விழுவார். தாங்கிக்கொள்ள இரண்டு பேர் பக்கத்தில் நிற்பார்கள். காவலுக்கு வந்த ஏட்டய்யாகூட ஓரமாகக் கைகட்டிக்கொண்டு நிற்பார். ஊரில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. இதே மாதிரி நோயாளிப் பெண் ஒருத்தியைக் கோயில் தூணில் கட்டிவைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அரிவாளை வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஓடிப்போய்த் தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தேன். பாலன் முன்னால் நீட்டி, "மலையேறுங்க சாமி, புள்ள உடம்பு தாங்காது" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். குனிந்தான். அரிவாளைத் தட்டில் வைத்தான். என் கை அந்தக் கனத்தில் இறங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் போட்டு முன்னால் சாய்ந்தான்.

அந்தச் சின்னப் பையனுக்குத் தெரிந்தது வேறு. ஒருவன் கத்திக்கொண்டு பாய்கிறான் என்று நினைத்தான். தடி மணிக்கட்டில் விழுந்தது. தட்டு எங்கோ பறந்தது. இருவரும் சேர்ந்து அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். "அண்ணி, அண்ணி" என்று அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அரிவாள் அவன் தலைமாட்டில் தரையில் கிடந்தது. பிறகு வந்த அதிகாரி பார்த்ததும் அதைத்தான்.

4

நிலையத்தில் சேகரிடம் மட்டும் வாக்குமூலம் வாங்கினார்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அரிவாள் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "அவனே எடுத்தான்."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கே நிற்கிறது. தானாக ஆயுதத்தை எடுத்தவன், தெருவுக்கு வந்தவன், போலீஸைக் கண்டும் போடாதவன், கடைசியில் பாய்ந்தவன். கேட்டால் கோவையாகத்தான் இருக்கிறது. எதிர்வீட்டுக் கேமராவில் தெரு தெரியும். எங்கள் தாழ்வாரம் தெரியாது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று பலமுறை கேட்டேன். விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம், மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நீ தட்டுல வாங்குனத சொல்லு. நான் வேணாங்கல. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத."

"அதச் சொல்லாம இத எப்படிச் சொல்றது?"

"என் மேலயும் கேஸ் போட்டா சிங்கப்பூர் வேல போயிடும். அப்புறம் யாரு சோறு போடுறது? திவ்யா படிப்பு?"

"அவன் உள்ள போனா?"

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. தம்பியின் உடைந்த கையைப் பார்க்கிறபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், அந்த வாளித் தண்ணீரை அவர் தலையிலேயே கொட்டலாமா என்றிருந்தது. வழக்கறிஞர் அம்மாவைக் கேட்டேன். "நீங்க பாத்தத சொல்லுங்க. என்னா சொல்லணும்னு நான் சொல்லித் தரக்கூடாது. ஆனா ஒண்ணு, பாதிய மறச்சா மீதியையும் நம்ப மாட்டாங்க" என்றார்.

5

விசாரணை நடந்த கட்டடத்தின் வாசலிலேயே முதல் சிக்கல். இங்கே அரசாங்க அலுவலகங்களில் செருப்புக் காலோடு நுழைய விடமாட்டார்கள். இத்தனை வருஷம் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரர், பதற்றத்தில் ரப்பர் செருப்போடு வந்துவிட்டார். காவலாளி கையை நீட்டித் தடுத்தார். கடைசியில் காரின் பின்பெட்டியில் கிடந்த தொழிற்சாலைப் பாதுகாப்பு பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். சலவை வேட்டி மாதிரி மடிப்புக் கலையாத சட்டை, கீழே கிரீஸ் படிந்த இரும்புமுனை பூட்ஸ். வேறு நாளாக இருந்தால் வீடு போய்ச் சேரும்வரை சிரித்திருப்பேன்.

அவரை முதலில் கூப்பிட்டார்கள். பாலன் பாதிக்கப்பட்டவன் என்பதால் வழக்கறிஞரோடு உள்ளேயே இருந்தான். நான் வெளியே பெஞ்சில். என் முறை வந்து உள்ளே போனபோது சேகர் ஓரத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் அந்தச் சின்னப் போலீஸ்காரன், சீருடை மடிப்போடு. நடுவில் மூன்று பேர். தலைமை தாங்கிய மலாய் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகக் கேட்டார். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றிருந்தான்.

"பாராங் கத்தியைத் தம்பியே எடுத்ததாக உங்கள் கணவர் சற்றுமுன் சொன்னார். நீங்கள் பார்த்தது என்ன?"

சேகர் நிமிரவில்லை. பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த பூட்ஸ் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

"குடுத்தது எங்க வீட்டுக்காரரு. திருப்பி வாங்குனது நானு" என்றேன்.

மொழிபெயர்த்த பிள்ளை அதை மலாயில் சொன்னான். அறையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். நான் நிறுத்தவில்லை. ஏன் கொடுத்தார், கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்று எங்கள் வழக்கம், எப்படி வாங்க வேண்டும், எல்லாம் சொன்னேன். மலையேறுங்க என்றதை அந்தப் பிள்ளை ஏதோ குன்று ஏறுவதாகச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. "எந்தக் குன்று?" என்று அந்த அம்மா புருவத்தைச் சுருக்கினார். எனக்குத் தெரிந்த மலாயிலேயே குறுக்கே புகுந்தேன். "புக்கிட் இல்ல புவான். சாமி பாலேக் ரூமா." குன்று இல்லை அம்மா, சாமி வீட்டுக்குத் திரும்புகிறது. அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

"செய்து காட்ட முடியுமா?"

மேசையில் தண்ணீர்ப் புட்டிகள் வைத்திருந்த தட்டைக் காலி செய்து எடுத்தேன். எப்படி நீட்டினேன், அவன் எப்படிக் குனிந்தான், எங்கே அந்தச் சத்தம் வந்தது, எப்படிச் சாய்ந்தான் என்று அந்த அறையின் நடுவில் நின்று செய்து காட்டினேன். சேலை முந்தானை சரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. திவ்யா பார்த்திருந்தால் மாலு, மாலு என்று ஓடியே போயிருப்பாள்.

தலைவி அந்தச் சின்னப் போலீஸ்காரனைத் திரும்பிப் பார்த்தார். "தட்டைப் பார்த்தாயா?"

அவன் எழுந்து நின்றான். பக்கத்திலிருந்த அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவனே சொல்லிவிட்டான். தட்டைப் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது, பயந்துவிட்டேன் என்றான். இதை மொழிபெயர்க்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

"ஆளுக்கு மனநிலை சரியில்லையோ என்று தோன்றவில்லையா? மருத்துவமனை அத்தனை பக்கத்தில் இருக்கிறதே, ஏன் அழைக்கவில்லை?"

அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மா அதோடு விடவில்லை. அதே கேள்வியைச் சேகரிடமும் கேட்டார். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறீர்களே, நீங்கள் ஏன் கூட்டிப்போகவில்லை?

சேகர் எழுந்தார். பூட்ஸ் தரையில் தட்டியது. "மாலு, புவான்" என்றார். அப்புறம் தமிழிலேயே பேசினார். "நான்தான் குடுத்தேன். கையில வச்சதே நான்தான். மொதல்ல சொன்னது பொய்யி. எழுதிக்குங்க."

இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேட்ட அந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன். எங்களுக்குச் சாதகமாக அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

6

முடிவு வர இன்னும் நாளாகும். சேகர் மேல் வழக்கு வருமா, பாலன் மேல் உள்ளது போகுமா, ஒன்றும் தெரியாது. அறிக்கை இலாகாவுக்குப் போகும், பிறகு வேறோர் இடத்துக்குப் போகும், கடைசியில்தான் நமக்கு வரும் என்றார் வழக்கறிஞர் அம்மா.

வெளியே வந்து காரை நோக்கி நடந்தோம். சேகர் முன்னால் போய்விட்டார். பாலன் பின்தங்கினான். உள்ளே நான் செய்து காட்டியபோது என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்தானே தவிர, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணி."

"என்னா தம்பி?"

"அங்க சொன்னீங்களே, தட்டுல வச்சேன்னு. எனக்காகச் சொன்னீங்களா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "ஒனக்காகத்தான் சொன்னேன். வேற யாருக்கு?"

"இல்ல அண்ணி. பொய்யான்னு கேக்குறேன். என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னீங்களா?"

நின்றுவிட்டேன். வெயில் தார்ச்சாலையில் கொதித்தது. அவனுக்கு அந்த நாளில் எதுவுமே ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது கை உடைந்திருந்தது, போலீஸை வெட்டப் போனாய் என்று சொன்னார்கள். அதைத்தான் நம்பியிருக்கிறான். மறுத்துச் சொல்ல வேண்டிய நாங்கள் அவன் எதிரில் வாயைத் திறக்கவே இல்லை. எங்கள் மௌனத்தையும் அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"பொய் இல்லடா தம்பி. நீயேதான் வச்ச. அருவா கனத்துல தட்டு சாஞ்சுச்சு. எரியிற கற்பூரம் ஏங்கையில விழப் போச்சு. நீ எடது கையால தட்ட தாங்கிப் புடிச்ச. ஏங்கையில ஒரு பொட்டு சூடு படல, பாரு." கையை விரித்துக் காட்டினேன்.

அவன் என் கையையே பார்த்தான்.

"அப்ப நான் யாரையும் வெட்ட வரலயா அண்ணி?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாகத் தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் சோறு தின்றிருக்கிறான்.